சரிபாதி என்ற சோம்பேறித்தனம்

ஏப்ரல் பிறந்ததும் குடும்ப நல நீதிமன்றங்களில் ஒரே அச்சில் வார்த்தது போன்ற மனுக்கள் வந்து குவியும். கோடை விடுமுறைக்குப் பிள்ளையை என்னிடம் அனுப்பச் சொல்லுங்கள் என்று ஒரு தரப்பு கேட்கும். அங்கே அனுப்பினால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது என்று மறுதரப்பு எதிர்மனு போடும். இரண்டு வக்கீல்களும் தொண்டை வறள வாதாடிய பிறகு எல்லோரும் வந்து சேருகிற இடம் ஒன்றுதான்: லீவில் முதல் பாதி அம்மாவுக்கு, பின் பாதி அப்பாவுக்கு. அடுத்த வருஷம் மாற்றிக்கொள்ளலாம். நீதிபதிக்கு ஒரு கோப்பு குறைந்தது. வராந்தாவில் காத்திருக்கும் மாமாவும் பெரியப்பாவும் 'இதுல என்ன இருக்கு, ஆளுக்குப் பாதி, நியாயம்தானே' என்று சொல்லிக்கொண்டே டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

நியாயம் இல்லை. பாதிக்குப் பாதி என்பது அப்பாவும் அம்மாவும் தங்களுக்குள் தீர்த்துக்கொண்ட கணக்கு. அதில் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை. இதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. பள்ளிக்கூடம் நடக்கும் பத்து மாதமும் ஒருவரை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்துவிட்டு, அதற்கு ஈடாக அவர் கையில் திணிக்கப்படுகிற சமாதானம்தான் இந்த 'லீவில் பாதி'. வாங்குகிறவர் ஜெயித்துவிட்டதாக நினைக்கிறார், கொடுக்கிறவர் பெரிய மனசு பண்ணியதாக நினைக்கிறார். இரண்டு பேருமே ஏமாந்துதான் போயிருக்கிறார்கள்.

'சட்டமே அப்படித்தான் சொல்லுது' என்று நம்புகிறவர்கள் நிறைய. சட்டம் அப்படி எதுவும் சொல்லவில்லை. கஸ்டடி வழக்குகளுக்கு இன்றும் அடிப்படையாக இருக்கிற கார்டியன்ஸ் அண்டு வார்ட்ஸ் சட்டம் 1890இல் வந்தது. விவரம் தெரிந்த வயதுப் பிள்ளை என்றால் அதன் விருப்பத்தையும் நீதிமன்றம் கருதலாம் என்று அதன் 17ஆம் பிரிவு சொல்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டம் ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. சிறாரின் நலனே முதன்மை என்று 13ஆம் பிரிவில் அடித்துச் சொல்கிறது. லீவைப் பற்றியோ பாதியைப் பற்றியோ இரண்டிலும் ஒரு வரி கிடையாது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ஒரு வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல விளையாட்டுப் பொருளும் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1973இலேயே சொல்லிவிட்டது. உடைமை இல்லை என்றால் பாகம் எப்படிப் பிரிக்கிறோம்? நிலத்தைப் பாகம் பிரிக்கிறவர்கள்கூட கிணற்றையும் வண்டிப்பாதையையும் பொதுவில் விட்டுத்தான் பத்திரம் எழுதுகிறார்கள்.

பாதிக் கணக்கை ஆதரிப்பவர்கள் சொல்கிற முதல் காரணம், அது எளிமையானது, சண்டைக்கு இடமில்லாதது என்பது. இதை நம்புகிறவர்கள் தமிழ்நாட்டுப் பள்ளி நாட்காட்டியைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை என்றுதான் நினைக்கிறேன்.

2023ஐ எடுத்துக்கொள்வோம். ஜூன் 1இல் திறப்பதாக இருந்த பள்ளிகள் வெயில் தாங்காமல் ஜூன் 7க்குத் தள்ளிப்போயின. அப்போதும் வெயில் குறையவில்லை. கடைசியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை ஜூன் 12 என்றும், 1 முதல் 5 வரை ஜூன் 14 என்றும் அறிவித்தார்கள். ஏப்ரல் 29இல் லீவு தொடங்கியது என்று வைத்துக்கொண்டால், மே 31 வரை 33 நாள். நடு நாள் மே 15. அதுவே ஜூன் 11 வரை என்றால் 44 நாள். முதல் பாதி மே 20 வரை நீளும். உத்தரவில் 'முதல் பாதி' என்று மட்டும் இருக்கிறது. மே 16 காலை வாசலில் வந்து நிற்கும் அப்பா சொல்வது சரியா, இன்னும் ஐந்து நாள் இருக்கிறது என்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அம்மா சொல்வது சரியா? அதைவிட வேடிக்கை, மே 16 அன்று இந்தக் கேள்வியே எழாது. பள்ளி திறப்பு தள்ளிப்போகும் செய்தி மாதக் கடைசியில்தானே வரும். பிள்ளை அப்போது பின் பாதிக்காரரிடம் இருக்கும். கூடுதலாகக் கிடைத்த பத்துப் பதினோரு நாளில் எனக்கு ஐந்தரை நாள் வர வேண்டும் என்று முன் பாதிக்காரர் வாட்ஸ்அப்பில் ஆரம்பிப்பார். அண்ணன் ஏழாவது, தங்கை மூன்றாவது என்றால் இரண்டு பேருக்கும் பள்ளி திறக்கிற தேதியே வேறு. 2024இலும் இதே கதை: ஜூன் 6 என்றிருந்தது ஜூன் 10 ஆனது.

இது அரசுப் பாடத்திட்டத்தின் கணக்கு. சிபிஎஸ்இ பள்ளிகளில் ஏப்ரலிலேயே புது வகுப்பு தொடங்கிவிடும். லீவு அதற்குப் பிறகு. பத்தாம் வகுப்புக்குப் போகிற பிள்ளை என்றால் மே மாதத்திலேயே ஸ்பெஷல் கிளாஸ் வைக்கும் தனியார் பள்ளிகள் உண்டு. நவம்பரில் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஆட்சியர் காலையில் விடுகிற மழை லீவு யார் கணக்கில் சேரும்? எந்த உத்தரவிலும் இதற்கு விடை கிடையாது. தகராறு முற்றுகிற மே மாதத்தில் உயர் நீதிமன்றமே கோடை விடுமுறையில் இருக்கும். விடுமுறைக் கால அமர்வு அவசர வழக்குகளுக்கு மட்டும் கூடும். எளிமை என்று சொல்லிக் கொடுக்கப்பட்டது இதுதான்.

ஆனால் எளிமையாக இருந்திருந்தாலும் நான் எதிர்த்திருப்பேன். லீவு என்பது நாட்களின் எண்ணிக்கை என்று நினைப்பதிலேயே தவறு தொடங்கிவிடுகிறது.

நம் ஊரில் மே மாதம் என்றைக்கும் அப்பா அம்மாவுடையதாக இருந்ததில்லை. ஒற்றுமையாக வாழ்ந்த குடும்பங்களிலும் கோடை லீவு ஆச்சி வீட்டுக்கும் அம்மாச்சி வீட்டுக்கும் சொந்தமானது. பெட்டியோடு பஸ் ஏற்றிவிட்டால், மாமா ஊர் நிறுத்தத்தில் இறக்கிக்கொள்வார். அத்தை பிள்ளைகள், சித்தி பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று ஒரு பட்டாளம். திருவிழா, கிணற்றில் நீச்சல், நுங்கு வண்டி, மொட்டை மாடித் தூக்கம். அப்பா கடைசி வாரம் வந்து கூட்டிக்கொண்டு போவார். பழம்பெருமை பேசுவதாக நினைக்க வேண்டாம். கிணறுகள் போய்விட்டன, திருவிழாவுக்கு வருகிறவர்களும் ஞாயிறு இரவே கிளம்பிவிடுகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் பிள்ளைக்கு லீவு என்றால் சம வயதுப் பிள்ளைகளோடு கூட்டமாக இருப்பது என்பது மட்டும் மாறவில்லை. பாதிக் கணக்கு குத்துகிற இடம் அதுதான். பெங்களூரிலிருந்து அத்தை பிள்ளைகள் மே முதல் வாரம் ஊருக்கு வருகிறார்கள். இவனுக்கு அப்பா முறை பதினாறாம் தேதிக்குப் பிறகு. இவன் போய்ச் சேரும்போது அங்கே டிவியும் பாட்டியும் மட்டும் இருப்பார்கள். கணக்குப்படி அப்பாவுக்குச் சேர வேண்டிய நாள் ஒன்றுகூடக் குறையவில்லை.

மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டம்தோறும் நடத்தும் கோடைப் பயிற்சி முகாம் ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ ஆரம்பித்து மே நடுவில் முடிந்துவிடும். முதல் பாதி வேறு ஊரில் இருக்க வேண்டிய பிள்ளைக்கு அந்த வருஷம் முகாம் கிடையாது. முறை மாறுகிறது என்று அடுத்த வருஷம் போனால், கூட விளையாடியவர்கள் ஒரு வருஷம் முன்னால் போயிருப்பார்கள். ஸ்விம்மிங் கிளாஸ், கீபோர்டு கிளாஸ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இதையெல்லாம் சொன்னால் 'கிளாஸ் முக்கியமா, அப்பா முக்கியமா' என்று மடக்குவார்கள். இரண்டில் ஒன்று என்று பிள்ளையை நிறுத்தியதே இந்தக் கணக்குதான் என்பதை வசதியாக மறந்துவிட்டு.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், ஆறாவது படிக்கிறவன், ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தி கோடு போட்டு வைத்திருக்கிறான். ஒரு பக்கம் 'அம்மா வீடு', மறுபக்கம் 'அப்பா வீடு'. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்ற பட்டியல். சைக்கிள், கண்ணாடியின் இன்னொரு ஜோடி, பேட், டேபின் சார்ஜர், வீசிங்குக்கான பம்ப். ஹாலிடே ஹோம்வொர்க் புத்தகத்துக்கு நேரே மட்டும் கேள்விக்குறி. கண்ணாடியும் பம்பும் ஏன் ஒரே பத்தியில் இருக்கின்றன என்று அவன் அம்மாவிடம் கேட்டேன். 'அவங்க அங்க ஒண்ணு வாங்கி வைக்கலாமே' என்றார். அப்பாவிடம் கேட்டிருந்தால் 'அவங்க குடுத்து அனுப்பலாமே' என்றிருப்பார், சந்தேகமில்லை. பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டவர்கள் தங்கள் பாதிக்கு மட்டும்தான் பொறுப்பு என்று நினைத்துக்கொள்வது இயல்பு. நடுவில் விழுகிறவற்றைப் பதினோரு வயதுப் பையன் பட்டியல் போட்டுப் பார்த்துக்கொள்கிறான்.

இனி அப்பாக்களின் கட்சிக்கு வருகிறேன். இந்த வாதம் வலுவானது. அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. 'வருஷம் முழுக்க மாசத்துக்கு இரண்டு சனிக்கிழமை, கோர்ட்டு வளாகத்துல நாலு பேரு பார்க்க, என் பொண்ணை இரண்டு மணி நேரம் பார்க்கிறேன். லீவுல பாதியையும் விட்டுட்டா நான் யாரு?' என்று கேட்கிற தகப்பனுக்கு என்ன பதில்? அவர் துயரம் உண்மை. பிரிந்து போன பெற்றோரைப் பிள்ளை பார்ப்பது பற்றிய நடைமுறை இந்தியாவில் இன்னும் முழுதாக வளரவில்லை என்றும், ஒருவரிடம் பிள்ளையை ஒப்படைக்கும் நீதிமன்றங்கள் மற்றவர் பார்ப்பதற்கு உத்தரவே போடாமல் விட்டுவிடுவது அதிகம் என்றும் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே வருத்தப்பட்டது. நேரில் பார்ப்பது மட்டும் போதாது, தினமும் சில நிமிடம் போனிலோ வீடியோவிலோ பேசுவதும் உரிமைதான் என்றது அதே தீர்ப்பு.

நோய் என்னவென்று அந்தத் தகப்பனே சொல்லிவிட்டார், கவனித்தீர்களா? மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை. அதுதான் நோய். அதற்கு மருந்தாக மே மாதத்தில் இருபத்திரண்டு நாளைக் கொடுத்தால் குணமாகுமா? அந்த இருபத்திரண்டு நாளில் அவருக்கு ஆபீஸ் இருக்கிறது. ஒரு வாரம் லீவு போடலாம். மீதி நாளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பாட்டி, அல்லது அத்தை, அல்லது சம்மர் கேம்ப். அவர் இருக்கிற அந்த ஒரு வாரமும் திருவிழா வாரம்: மால், ஐஸ்கிரீம், கொடைக்கானல், கேட்டதெல்லாம் கிடைக்கும். பிள்ளைக்கு அவர் தகப்பனாக இல்லை, சுற்றுலா ஏற்பாட்டாளராக ஆகிவிடுகிறார். கணக்கு வாத்தியார் பெயர் அவருக்குத் தெரியாது. வகுப்பில் யாரோடு சண்டை, யாரோடு பேச்சு வார்த்தை இல்லை என்று தெரியாது. காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய இரவு வயிறு வலிக்கிறது என்று சொல்லிப் படுத்துக்கொள்ளும் பழக்கம் தெரியாது. இவையெல்லாம் தெரிகிற நாட்கள் ஜூன் முதல் ஏப்ரல் வரை இருக்கின்றன. அந்த நாட்களில் ஒன்றுகூட அவருக்குத் தரப்படவில்லை, அவரும் கேட்கவில்லை. மனுவில் எழுதியது லீவைத்தான்.

புதன்கிழமை மாலை பள்ளியிலிருந்து அழைத்து வந்து, தோசை வார்த்துக் கொடுத்து, வீட்டுப்பாடம் எழுத வைத்து, எட்டரைக்குக் கொண்டுவிடுகிற அப்பாவைப் பற்றி யோசித்துப் பாருங்கள். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு அவர் வீட்டில் தங்கல். பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் அவர் எண்ணும் இருக்கும். பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு தடவை இவர், ஒரு தடவை அவர். இப்படி வருஷம் முழுக்க வாழ்க்கையில் இருக்கிறவர் மே மாதத்தில் பதினைந்து நாளா இருபது நாளா என்று வக்கீல் வீட்டு வாசலில் நிற்க வேண்டியிருக்காது. லீவு யுத்தம் லீவில் உண்டாவதில்லை. பத்து மாதப் பட்டினி அந்த ஒரு மாதத்தில் வந்து கொட்டுகிறது.

அம்மாக்கள் பக்கமும் இதே ஏமாற்றுதான் வேறு உருவில். 'வருஷம் முழுக்கப் பிள்ளை உன்கிட்டதானே இருக்கு, லீவுல பாதி விட்டுக் கொடுத்தா என்ன?' என்று கேட்காத உறவினர் இல்லை. வருஷம் முழுக்க அவரிடம் இருப்பது என்ன என்று யாராவது எண்ணிப் பார்த்தார்களா? காலை ஆறு மணிக்கு எழுப்புதல், டிபன் பாக்ஸ், வேன் தவறினால் ஆட்டோ, யூனிட் டெஸ்ட், காய்ச்சல், பேன், ஃபீஸ் கட்டச் சொல்லி வரும் குறுஞ்செய்தி, 'சீக்கிரம் சீக்கிரம்' என்று நாளுக்கு நாற்பது தடவை. அடித்துத் திருத்துகிற வேலை முழுக்க ஒருவருக்கு. அவசரமில்லாமல் பக்கத்தில் படுத்துக் கதை பேசக் கிடைக்கிற ஒரே காலமான லீவிலும் பாதியை எடுத்துக்கொண்டால், பிள்ளையின் மனதில் அம்மா என்றால் அதட்டல், அப்பா என்றால் ஜாலி என்று பதிந்துபோகும். சலுகை பெற்றதாகச் சொல்லப்படுகிற அந்த அம்மா ஒரு ஹாஸ்டல் வார்டனின் வேலையைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எல்லா வயதுக்கும் ஒரே பாதி என்பது அடுத்த அபத்தம். நான்கு வயதுக் குழந்தையை அம்மாவை விட்டு, ஒரேயடியாக இருபத்திரண்டு நாள் வைத்திருப்பது அப்பாவுக்கு உரிமையாக இருக்கலாம். குழந்தைக்கு அது முடிவில்லாத காலம். அந்த வயதுக்குச் சின்னச் சின்னதாக, அடிக்கடி பார்ப்பதுதான் பொருந்தும்: இரண்டு நாள் அங்கே, மூன்று நாள் இங்கே. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இதையே செய்தால் வீட்டை விட்டு ஓடத் தோன்றும். அவளுக்குத் தோழிகள் உண்டு, தேர்வு உண்டு, தனக்கென்று ஒரு அறையும் ஒரு அலமாரியும் வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே வாசகத்தில் உத்தரவு எழுதுவதைச் சமத்துவம் என்று எப்படிச் சொல்வது?

தூரம் இன்னொரு விஷயம். அப்பா துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்; புதன்கிழமைத் தோசைக்கு வழியில்லை. வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார். அங்கே நான் பாதியை எதிர்ப்பது பாதி குறைவு என்பதற்காக. அவர் வருகிற முப்பது நாளில் இருபத்தைந்து நாள் பிள்ளை அவரோடு இருக்கட்டும், அரையாண்டு லீவும் போகட்டும். அம்மாவுக்கு மீதி வருஷம் இருக்கிறது. பாதிக்கு மேல் கொடுப்பதே நியாயமாகிற குடும்பங்களும் உண்டு, கால்வாசிகூட அதிகமாகிற குடும்பங்களும் உண்டு. குடித்துவிட்டு வருகிறவர், கை நீட்டுகிறவர் என்றால் கால்வாசியும் கூடாது; அங்கே பேச வேண்டியது பாதுகாப்பைப் பற்றி. ஐம்பது சதவீதம் சரியாகப் பொருந்துகிற குடும்பம் எங்கேயாவது இருக்கலாம். இருந்தால் அது தற்செயல்.

பண்டிகைகளில் இந்தக் கணக்கு இன்னும் கேவலமாகிவிடுகிறது. தீபாவளி ஒரு நாள். அதைக் காலை ஒருவருக்கு, மாலை ஒருவருக்கு என்று பிரித்தால், மத்தியானம் ஒரு மணிக்குப் புதுச் சட்டையோடு பிள்ளை ஆட்டோவில் உட்கார்ந்திருக்கும். தெருவில் மற்ற பிள்ளைகள் வெடிக்கிற நேரம் அது. வருஷம் மாற்றி வருஷம் என்றால் எந்த வீட்டுத் தீபாவளியிலும் அந்தப் பிள்ளைக்கு நிலையான இடம் இருக்காது. வீடுகள் பண்டிகையை ஒரே அளவில் கொண்டாடுவதில்லை என்ற சின்ன உண்மையை ஏற்றுக்கொண்டால் இதற்குச் சுலபமாக வழி பிறக்கும். அப்பா ஊரில் மாடு கன்று இருக்கிறது, பொங்கல்தான் அங்கே பெரிய பண்டிகை என்றால், போகி தொடங்கி காணும் பொங்கல் வரை ஒவ்வொரு வருஷமும் அங்கேயே போகட்டும். அம்மா வீட்டில் பலகாரமும் பட்டாசுமாகத் தீபாவளி களைகட்டும் என்றால் அது ஒவ்வொரு வருஷமும் அங்கே. ஒருவர் கிறிஸ்தவர், மற்றவர் இந்து என்றால் கேட்கவே வேண்டாம். கிறிஸ்துமஸ் அரையாண்டு லீவிலேயே வந்துவிடுகிறது. பத்து வருஷம் கழித்துப் பிள்ளைக்கு ஒரு பொங்கல் ஊரும் ஒரு தீபாவளி வீடும் இருக்கும். நாள் கணக்கில் ஒருவருக்கு மூன்று நாள் கூடும். கூடட்டுமே.

'வெளிநாட்டில் எல்லாம் ஐம்பது ஐம்பதுதான்' என்பது கடைசி அஸ்திரமாக வரும். இது அரைகுறைத் தகவல். ஆஸ்திரேலியா 2006இல் பெற்றோர் இருவருக்கும் சமமான பொறுப்பு என்ற அனுமானத்தைச் சட்டத்தில் சேர்த்தது. பொறுப்பைப் பற்றிய சட்டத்தை நேரத்தைப் பற்றியது என்று மக்கள் புரிந்துகொண்டு, ஆளுக்குப் பாதி எங்கள் உரிமை என்று நீதிமன்றப் படியேறினார்கள். குழப்பம் முற்றி, அந்த அனுமானத்தையே நாடாளுமன்றம் நீக்கியது; 2024 மே 6 முதல் அது நடைமுறையில் இல்லை. இங்கிலாந்தில் பெற்றோர் இருவரும் பிள்ளையின் வாழ்க்கையில் இருப்பது நல்லது என்று 2014இல் சட்டத்தில் சேர்த்தபோதே, இது பிள்ளையின் நேரத்தைக் குறிப்பிட்ட அளவில் பிரிப்பதைக் குறிக்காது என்றும் கூடவே எழுதி வைத்தார்கள். அதே நாட்டில் பிள்ளைக்கான பராமரிப்புத் தொகை, பிள்ளை எத்தனை இரவு தங்குகிறது என்பதைப் பொறுத்துக் குறையும்: வருஷத்துக்கு 52 இரவு தங்கினால் ஏழில் ஒரு பங்கு கழிவு. ஓர் இரவுக்கு ஒரு விலை என்று ஆன பிறகு, பிள்ளை வேண்டும் என்பதற்காகக் கேட்கிறாரா, கழிவுக்காகக் கேட்கிறாரா என்று யார் கண்டுபிடிப்பது? நம் ஊரிலும் 'லீவு மாசம் என்கிட்டதானே இருந்தான், அந்த மாச ஜீவனாம்சத்தைப் பிடிச்சுக்கலாமா' என்று கேட்கிறவர்கள் இல்லாமல் இல்லை. ஜூன் மாதம் டெர்ம் ஃபீஸ் கட்டுகிறவரிடம் கேட்கிற கேள்வியா இது!

சரி, பாதி வேண்டாம் என்றால் நீதிபதி எதை எழுதுவார், ஒரு எண் இல்லாமல் உத்தரவு நிற்குமா என்று கேட்கலாம். எண் இருக்கட்டும். அதைப் பிள்ளையின் நாட்காட்டியிலிருந்து எடுங்கள் என்கிறேன். நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான இந்தியச் சட்ட ஆணையம் 2015 மே மாதம் கொடுத்த 257ஆவது அறிக்கை, கூட்டுக் காப்பு என்ற வழியோடு, பிரிகிற பெற்றோர் பிள்ளை வளர்ப்புத் திட்டம் ஒன்றை எழுதிக் கொடுக்கும் ஏற்பாட்டையும் பேசியது. அது சட்டமாகவில்லை. சட்டமாகாவிட்டால் என்ன? எழுத விரும்பும் பெற்றோரை யாரும் தடுக்கவில்லை. பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவில் நகைக்கும் சீர் பாத்திரத்துக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குகிறவர்கள், பிள்ளையின் வருஷத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

அதில் என்ன எழுதுவது? பள்ளி டைரி ஜூனில் கைக்கு வந்ததும் இருவரும் உட்கார்ந்து காலாண்டு, அரையாண்டு, பொங்கல் லீவுகளின் தேதிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். கோடை லீவுக்கு மார்ச்சில் ஒரு தடவை உட்கார்ந்தால் போதும். இப்போது ரயில் முன்பதிவே 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, நேரம் சரியாக இருக்கும். பள்ளி திறப்பு தள்ளிப்போனால், அந்தக் கூடுதல் நாட்களில் பிள்ளை தன் பள்ளி இருக்கிற ஊரில் இருக்கும் என்று முன்கூட்டியே ஒரு வரி. மருந்து, கண்ணாடி, பல் கம்பி போன்றவை இரண்டு வீட்டிலும் இருக்கும் என்று ஒரு வரி. ஒப்படைக்கிற இடம் போலீஸ் ஸ்டேஷன் வாசலாக இருக்கக் கூடாது என்று ஒரு வரி. தாத்தா வீடு, நூலகம், முடிந்தால் பள்ளியே. கடைசி நாள் மணி அடித்ததும் ஒருவர் அழைத்துப் போய், திறக்கிற நாள் காலை நேராகப் பள்ளியில் கொண்டுவிட்டால், இருவரும் நேருக்கு நேர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் காட்சியைப் பிள்ளை பார்க்க வேண்டியதில்லை.

பிள்ளையைக் கேட்பதா என்றால், பத்து வயதுக்கு மேல் கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் 'யார்கிட்ட போற?' என்று கேட்பது கேள்வி அல்ல, தண்டனை. 'இந்த லீவில் என்ன செய்யணும்னு இருக்கு?' என்று கேளுங்கள். நீச்சல் என்பான், அத்தை பிள்ளைகளோடு ஊருக்கு என்பான், ஒன்றும் செய்யாமல் கிடக்கணும் என்பான். எந்த நாள் எந்த வீடு என்பது அந்தப் பதிலிலிருந்து தானாக வந்துவிடும். யாரையும் தள்ளிவிட்ட பாவம் அவன் தலையில் ஏறாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, பெண்கள் பக்கத்திலிருந்தே ஒரு மறுப்பு வரும், தெரியும். 'வார நாளில் வரச் சொன்னால் எத்தனை அப்பா வருவார்? ஜாலியாக இருக்கும் லீவுக்கு வருவார்கள், யூனிட் டெஸ்டுக்கு வர மாட்டார்கள்.' சிலர் வர மாட்டார்கள்தான். டிராஃபிக் என்பார்கள், ஷிஃப்ட் என்பார்கள், ஆடிட் என்பார்கள். அதில் சில காரணங்கள் உண்மையாகவும் இருக்கும். ஆனால் வாய்ப்பே கொடுக்காமல் வர மாட்டார் என்று முடிவு கட்டுவது, வருகிற தகப்பனையும் சேர்த்துத் தண்டிப்பதாகிவிடும். புதன்கிழமையை உத்தரவில் எழுதிக் கொடுங்கள். ஒரு வருஷம் போகட்டும். வந்தாரா, வந்தபோது பிள்ளை எப்படி இருந்தது என்பதற்குப் பள்ளி வாசலில் நிற்கிற காவலாளி முதல் வகுப்பு ஆசிரியர் வரை சாட்சி இருக்கும். வந்த தகப்பனுக்கு மே மாதத்தில் பாதிக்கு மேலேகூட அம்மாவே மனமுவந்து விட்டுக் கொடுக்கக்கூடும். காரணமில்லாமல் ஒரு புதன்கிழமைகூட வராதவர், அடுத்த ஏப்ரலில் இருபத்திரண்டு நாள் கேட்டு மனு போட்டால், வராத புதன்கிழமைகளையும் அந்த மனுவோடு சேர்த்துப் படிக்க நீதிமன்றத்துக்கு எந்தத் தடையும் இல்லை.